அடியில் இருந்த அதிரசம்

அன்புள்ள அம்மாவுக்கு,

சூரியநெல்லியில் குளிர் அதிகமா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பாலக்காட்டு வெயில் எனக்குப் பழகிவிட்டது.

நேற்று கம்ப்யூட்டர் வகுப்பில் 2+3×4 என்பதைக் குறிகள் பின்னால் வரும்படி மாற்றி எழுதச் சொன்னார்கள். குறிகளை ஸ்டாக் என்ற அடுக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலிருந்தே எடுக்க வேண்டும். முதலில் போன கூட்டல் குறி அடியிலேயே கிடந்து, கடைசியாகத்தான் வெளியே வந்தது. எனக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த என் பெட்டி நினைவுக்கு வந்துவிட்டது.

"அடியில வச்சா எறும்பு ஏறாது" என்று நீ முதலில் வைத்தாயே, அதிரச டப்பா. தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, அந்தக் காலோடு நின்று சுட்டது. போனில் கேட்டபோது, "ஹாஸ்டல்ல எல்லாரும் தின்னுட்டோம்மா" என்றேன். பொய் அம்மா. நேற்றுதான் திறந்தேன். முழுக்கப் பூசணம்.

இனி எதுவும் சுட வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் வரவில்லை. எறும்பு ஏறினாலும் பரவாயில்லை, அடுத்த முறை மேலேயே வை.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்
செல்வலட்சுமி