உப்புத் தொட்டியில் வளர்ந்த புழு

விலங்கியல் ஆய்வகத்தை ஒழிக்கப் போகிறோம், உங்கள் சாமான் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரியிலிருந்து போன் வந்தது. போனேன். அலமாரியைத் திறந்ததும் ஃபார்மலின் நெடி குப்பென்று அடித்தது. பின்வரிசையில் அந்த பாட்டில். உள்ளே நம்முடைய புழு, வெளுத்துச் சுருண்டு கிடந்தது. நீங்கள் இறந்துபோய் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

இந்தக் கடிதத்தில்தான் உங்களை 'நீங்கள்' என்கிறேன். பத்து வயது மூத்தவரை அத்தனை வருஷமும் பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிட்டேன். நான் விரிவுரையாளர், நீங்கள் ஆய்வக உதவியாளர் என்பது மட்டும் காரணமில்லை. உங்கள் அப்பா எங்கள் வயலில் வேலை பார்த்தவர். உச்சவரம்புச் சட்டத்தில் எங்களிடமிருந்து போன நிலத்தில் ஒன்றரை ஏக்கர் அவருக்குக் கிடைத்தது. அதைப் பற்றி நீங்களும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

மாதம் ஒருமுறை கோடியக்கரைக்கு பஸ்ஸில் போய், இரண்டு கேன் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஆய்வகத்துக் கடல் மீன் தொட்டியில் ஊற்றுவது உங்கள் வேலை. அப்படி ஊற்றிய ஒரு மாதத்தில்தான் அது தலைகாட்டியது. முதலில் நூல் மாதிரி இருந்தது. பிறகு விரல் நீளம். சளியும் ரத்தமும் கலந்த நிறம், இரண்டு பக்கமும் மயிர் மயிராகக் கால்கள்.

"பூரானுக்கும் அட்டைக்கும் பொறந்தது மாதிரி இருக்குங்க மேடம்" என்று சிரித்தீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்த இறால் ஒன்றைப் போட்டபோது அது தன் தொண்டையையே வெளியே துப்பியது. நுனியில் இரண்டு கறுப்புக் கொக்கி. கவ்வி, தொண்டையோடு உள்ளே இழுத்துக்கொண்டது. அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

இரண்டு வாரம் புத்தகங்களைப் புரட்டி, கொக்கியில் பல் எண்ணி, படத்தோடு ஒப்பிட்டு ஒருவழியாகப் பெயரைக் கண்டுபிடித்தேன். "கடற்புழுதான். நல்ல தண்ணியில ஒரு நாள் தாங்காது. நீ கொண்டாந்த கடல் தண்ணியிலதான் வந்திருக்கு" என்றேன், பெருமையாக.

உங்கள் முகம் மாறிவிட்டது. "மேடம், திட்டாதீங்க. அந்தத் தடவ கோடியக்கரைக்குப் போகலீங்க. பஸ் ஸ்ட்ரைக்கு. எங்க வயலுக்குப் பாயுற வாய்க்கால்ல மொண்டு ஊத்திட்டேன். பத்தாததுக்கு நாலு கை கல்லுப்பு போடலாம்னுதான் இருந்தேன். மறந்துட்டேன்."

"வாய்க்கால் தண்ணியா? அப்ப மீன் செத்திருக்கணுமே!"

"சாகலீங்களே மேடம்."

இருவரும் தொட்டியைப் பார்த்தோம். வரி மீன்கள் கொழுகொழுவென்று சுற்றிக்கொண்டிருந்தன. மறுநாள் அதே வாய்க்காலிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தீர்கள். உப்பு அளக்கும் குழாயை மிதக்கவிட்டேன். கடலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

உங்கள் வயலுக்குப் பக்கத்தில் இறால் பண்ணை வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இறால் குட்டையின் உப்புக் கழிவை உங்கள் வாய்க்காலில்தான் திறந்துவிட்டார்கள். நாற்று கருகுகிறது என்று நீங்கள் கொடுத்த மனுவுக்கு, உரம் போடத் தெரியாதவன் என்று பதில் வந்ததாம். நடுவில் ஆட்சி மாறியது. பண்ணை வாசலில் கொடி மாறியது, தண்ணீர் மாறவில்லை.

"இந்தப் புழு பேரு, அது உப்புத் தண்ணியிலதான் வளரும்னு நாலு வரி எழுதிக் குடுங்க மேடம். காலேஜ் சீல் இருந்தா போதும். மனு குடுத்த ஆர்.டி.ஓ. ஆபீசுல நம்புவாங்க."

நாளைக்குத் தருகிறேன் என்றேன். அந்தப் பண்ணைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டது என் அண்ணன். உங்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் என்னிடம் கேட்டீர்கள்.

அண்ணனிடம் நான் பேசக்கூட இல்லை. அவர் என்னை மிரட்டவுமில்லை. நானாகவே புழுவைப் பிடித்து ஃபார்மலினில் போட்டு, 'இனம் கண்டறிய இயலவில்லை' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். மறுநாள் நீங்கள் குனிந்து அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தீர்கள்.

"தெரியலைன்னா தெரியலைன்னுதானே மேடம் எழுதணும்" என்றீர்கள். குரலில் கோபமே இல்லை. அடுத்த மாதம் கேனைத் தூக்கிக்கொண்டு கோடியக்கரைக்கே போனீர்கள். ஓய்வு பெறும்வரை ஒரு மாதமும் தவறவில்லை. அதற்குள் உங்கள் ஒன்றரை ஏக்கரும் இறால் குட்டையாகிவிட்டது.

பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். புழுவைப் பார்த்தால் இப்போது குமட்டவில்லை. அது தன் வயிற்றுக்குத் தின்றது. சீட்டுதான் குமட்டுகிறது. இத்தனை வருஷத்தில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. அந்தப் புழுவின் பெயர் அன்றே எனக்கு மனப்பாடம், இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கேட்க வேண்டிய நீங்கள்தான் இல்லை.