வெள்ளத்தில் கதிரையேறிய மாப்பிள்ளைக்கு

என் பிரியமுள்ள அப்பா,

கோப்பாயில் எங்கள் ஒழுங்கையை இப்போது பார்த்தால் உங்களுக்கே வழி பிடிபடாது. வேலிகள் போய் மதில்கள் வந்துவிட்டன. காணியை விற்றவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வாங்கியவர்களை எங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. போய்ப் பழகவும் எனக்கு அலுப்பாக இருக்கிறது.

போன கிழமை விடாத மழை. வெள்ளம் குசினிக்குள் வந்து அடுப்பை மூடிவிட்டது. அம்மாவைக் கட்டிலில் இருத்திவிட்டு வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினேன். ஊற்றிய தண்ணீரே திரும்பி வந்தது. அப்போதுதான் ஒழுங்கை முனையில் சத்தம் கேட்டது.

அங்கே காணி வாங்கிப் புதிதாக வீடு கட்டிய சிவநேசன் அண்ணையின் மதிலடியில் அயலே கூடி நின்றது. வெள்ளம் வயலுக்கு ஓடுகிற பழைய வாய்க்காலை அந்த மதில் அடைத்திருந்தது. சிலர் அலவாங்கோடு வந்து, "உடையுங்கோ" என்று கத்தினார்கள்.

"மதிலிலை கை வைச்சால் பொலிசுக்குப் போவன்," என்றார் அவர். "நான் கொடிகாமத்தான். உதிலை வாய்க்கால் இருந்தது எனக்கு என்னெண்டு தெரியும்? ஒருதரும் சொல்லேல்லையே!"

அவர் கேட்டது சரிதானே அப்பா? எங்களில் யார் போய்ச் சொன்னோம்?

சண்டை பிடிக்க எனக்குத் தென்பு இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "அண்ணை, என்ரை அப்பா கலியாணத்தண்டு இந்த இடத்தாலைதான் கதிரையிலை இருந்து வந்தவர்."

அவர் விளங்காமல் பார்த்தார்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் வெள்ளம். பட்டுவேட்டி நனையக்கூடாதெண்டு மாப்பிள்ளையைக் கதிரையிலை இருத்தித் தூக்கிக்கொண்டு வாய்க்காலைக் கடந்தவை. நடுவிலை ஒராளுக்குக் கால் வழுக்கிப் போச்சு. தலைப்பாகை வெள்ளத்தோடை போய் வயலுக்கைதான் நிண்டுது."

"தலைப்பாகை மட்டுமே? மாப்பிள்ளையும்தான்!" என்றார் பக்கத்து வீட்டு இராசம்மா மாமி. "ஈரவேட்டியோடைதான் தாலி கட்டினவர்."

அலவாங்கோடு நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். ஆளுக்கொரு விதமாக அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். சிவநேசன் அண்ணையும் சிரித்தார். பிறகு மெதுவாக, "அப்ப தலைப்பாகை எந்தப் பக்கத்தாலை போனது?" என்று கேட்டார்.

மாமி கையை நீட்டிக் காட்டினார். கை நேரே மதிலின் நடுவைக் காட்டியது. சிவநேசன் அண்ணை அந்த இடத்துக்கு இறங்கி வந்தார்.

"ஓம்... உதை இஞ்சை தாங்கோ," என்று அலவாங்கை வாங்கி முதல் கல்லைத் தானே பெயர்த்தார்.

பின்னேரம் குசினியில் சேறு மட்டும் மிஞ்சியிருந்தது. அதை இன்னும் கழுவி முடியவில்லை. அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "உவள் இராசம்மா பொய் சொல்லுறாள். அவர் விழேல்லை," என்றார். நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, அன்றைக்குத் தன் கலியாணத்தை முழுவதுமாகச் சொல்லி முடித்தார்.

உண்மையில் விழுந்தீர்களா அப்பா? நான் உங்களிடம் கேட்கவேயில்லை.

கதை சொன்னால் எல்லா மதிலும் திறக்காது என்று எனக்குத் தெரியும். வாய்க்காலின் கீழ்ப்பக்கத்தில் இன்னொரு காணிக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். யார் எவர் என்று தெரியவில்லை. நினைக்கவே களைப்பாக இருக்கிறது. ஆனாலும் மதில் எழும்ப முதல் அங்கே போவேன். போய், உங்களை இன்னொரு தரம் தண்ணீரில் விழுத்துவேன். கோபிக்காதீர்கள்.

உங்கள் மூத்த மகள்,
வதனி