மூடி திறக்காத போத்தல்

12 மார்ச் 1997

காலையில் கக்கூஸ் கழுவப் போனால் எறும்பு. சுவரோரமாக வந்து குழியைச் சுற்றி மொய்த்துக் கிடக்கிறது. பினாயில் ஊற்றிவிட்டுக் கந்தோருக்கு ஓடினேன். மாநகர சபையில் இருபது வருஷமாக டைப் அடிக்கிறேன், இன்றைக்கும் பத்து நிமிஷம் பிந்தினால் கணக்கர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாயந்திரம் வந்து பார்த்தால் மறுபடியும் எறும்பு.

இவரிடம் சொன்னேன். மழைக்கு வருகிறதாம். சொல்லிக்கொண்டே கிரீம் சோடா போத்தலின் மூடியைத் திறந்தார். வீட்டுக்கு வந்த பிறகு அது மூன்றாவது. வேலை பார்க்கிற புடவைக்கடையில் நின்றபடி எத்தனை குடித்தாரோ, அது கடவுளுக்குத்தான் தெரியும்.

13 மார்ச்

இவர் ராத்திரி ஐந்து தடவை எழும்பிப் போனார். நானும் ஐந்து தடவை விழித்தேன்.

2 ஏப்ரல்

இழுத்துக்கொண்டு போகாத குறைதான். டொக்டர் மயில்வாகனம் யாழ்ப்பாணத்துக்காரர், பெரியாஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றுத் தன் வீட்டு முன்னறையில் நோயாளி பார்க்கிறார். இவருடைய மூத்திரத்தை ஒரு நீல மருந்தில் விட்டு நெருப்பில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. எறும்புக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

சோடாக் கதையை நான்தான் சொன்னேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்தார்.

"சுந்தரலிங்கம், உமக்குத் தாகம் எடுக்கிறதே ரத்தத்தில இருக்கிற சீனியாலதான். அந்தத் தாகத்துக்கு நீர் இன்னும் சீனியைக் குடிக்கிறீர். இது எங்க போய் நிக்கும் சொல்லும்? தண்ணியைக் குடியும்."

இவர் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார். திரும்பி வரும் வழியில் சந்திக் கடையில் ஒரு போத்தல்.

3 ஏப்ரல்

ஒரு போத்தலில் எட்டுத் தேக்கரண்டிக்குக் குறையாமல் சீனி இருக்கிறதாம், டொக்டர் சொன்னார். இன்றைக்கு இவருக்கு முன்னாலேயே ஒரு கிளாஸில் எட்டுக் கரண்டி சீனியை அள்ளிப் போட்டேன். கால் கிளாஸுக்கு வந்தது. இதைக் கரைத்துத் தந்தால் குடிப்பீங்களா என்று கேட்டேன். அது கம்பனியில் போடுவது, சீலோடு வருவது என்கிறார்.

சீல்! பதினாலு வருஷமாக இந்த மனுஷன் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டை விட்டு ஓடிப் பள்ளிக்கூட முகாமில் கிடந்தோம். தொட்டித் தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு பேக்கரிக்காரர், சிங்கள மனுஷன், வேலிக்கு மேலால் ஒரு பெட்டி சோடா தூக்கித் தந்தார். மூன்று நாள் அதிலேதான் உயிர் பிழைத்தோம். நான்காம் நாள் நான் தண்ணீருக்குத் திரும்பினேன், இவர் திரும்பவில்லை.

தேத்தண்ணீர் குடிப்பார். சோறு தின்பார். சோறு எதில் வேகிறது, மகாவலி ஆற்றுத் தண்ணீரில் இல்லையா என்று கேட்டால் இன்னும் ஒரு பிடி போடச் சொல்கிறார். ஹோட்டலில் வெள்ளைக்காரன் வாங்குகிற பிளாஸ்டிக் போத்தல் தண்ணீரும் வாங்கி வந்து பார்த்தேன், சீலோடுதான். கையில் வைத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அது அப்படியே கிடந்தது.

14 ஏப்ரல்

வருஷப் பிறப்பு. நான்கு வீட்டுக்குப் போனோம், நான்கு வீட்டிலும் தட்டில் சோடா. வந்தவர்களுக்கு வெறும் தண்ணீர் கொடுத்தால் மதிப்பில்லை, முன்னால் வைத்து டப்பென்று மூடியைத் திறந்தால்தான் மரியாதை. சீனி வியாதி, கொடுக்காதீங்க என்றேன். நாளும் கிழமையுமா ஒண்ணு குடிச்சா என்ன ஆயிடும் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்கிறார்கள். இவர் என்னைப் பார்க்காமல் குடித்தார். ஊரில் எல்லோருக்கும் நல்லவள் ஆகலாம், புருஷனைக் காப்பாற்றப் போனால் மூதேவி.

9 மே

அடுத்த வீட்டு ஸுலைஹா முன்னறையில் சின்னக் கடை வைத்திருக்கிறாள். இவருக்கு இனி விற்காதே என்று சண்டைக்கே போய்விட்டேன். அவள் கோபப்படவில்லை.

"நான் குடுக்கல்லேண்டா சந்திக் கடைக்குப் போறாரு அக்கா. இங்கேண்டா ரெண்டோட நிப்பாட்டி அனுப்புறன்."

அது நியாயம்தான். எனக்குத்தான் யார் மேலேயாவது பாய வேண்டியிருந்தது.

22 ஜூன்

கேடு கெட்ட வேலை ஒன்று செய்தேன். ஒரு போத்தலைப் பக்குவமாகத் திறந்து, பாதியை ஊற்றிவிட்டு, ஆறவைத்த வெந்நீரை நிரப்பி, மூடியைச் சுத்தியலால் தட்டிப் பொருத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டினால் தெரியாது என்று நினைத்தேன். எவ்வளவு புத்திசாலி நான்!

கையில் எடுத்தார். கட்டை விரலால் மூடியைச் சுற்றித் தடவினார்.

"தொறந்திருக்க."

எழுந்து போய்ச் சாக்கடைக் கானில் ஊற்றினார்.

26 ஜூன்

நேற்றிலிருந்து குழம்புச் சட்டியையும் மோந்து பார்க்கிறார்.

29 ஜூன்

இருபத்து மூன்று வருஷமாக இந்த வீட்டில் இந்தக் கையால்தான் ஆக்கிப் போடுகிறேன். மோந்து பார்க்கிறாராம். சட்டியோடு தூக்கி எறிந்துவிட்டேன். அப்புறம் நானே உட்கார்ந்து தரையைத் துடைத்தேன், வேறு யார் துடைப்பது?

27 ஜூலை

ஆடி வந்தால் இந்த வீட்டில் யாரும் அதிகம் பேச மாட்டோம். வேறு வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரலில் இதே கொப்பியில் யாரோ சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறேன். தானே எழுதித் தானே படிக்கிற கொப்பியில் எதற்குப் பொய்? யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

தொட்டிப் பக்கத்தில் ஒருவன் நின்றான். கையில் ஏதோ இருந்தது. குழாய் பழுது பார்க்க வந்தவனாகவும் இருக்கலாம், எனக்கு என்ன தெரியும்? முதல் நாள்தான் எங்கள் வீட்டுக் கூரை எரிவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இவர் டம்ளரை வாய்க்குக் கொண்டு போகிறார். பாய்ந்து பிடுங்கினேன். விஷம் போட்டிருக்காங்க, எல்லாரும் சொல்றாங்க என்றேன். எல்லாரும் சொல்றாங்க! நான் ஒருத்திதான் எல்லாரும்.

ஒரு கிழமையில் எனக்கு அது மறந்தும் போய்விட்டது. புதுக் கூரை போட்டு வீட்டுக்குத் திரும்பியதும் நான் குழாயைத் திறந்து குடித்தேன், இவர் பார்த்துக்கொண்டு நின்றார். நான் செத்து விழவில்லை என்றுகூடவா தெரியவில்லை இந்த மனுஷனுக்கு?

சொல்லிவிட வேண்டும். சொன்னால் தண்ணீர் குடிப்பாரா, இல்லை என் சோற்றையும் விட்டுவிடுவாரா?

11 அக்டோபர்

ஒரு கால் செருப்போடு வீட்டுக்கு வந்தார். மற்றச் செருப்பு எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு அவரே திகைத்துப் போனார். கழன்றது தெரியவில்லையாம். வாசலிலிருந்து அவர் உட்கார்ந்த கதிரை வரைக்கும் ரத்த அடையாளம். குதிகாலில் ஆணி, அரை அங்குலம் உள்ளே. அதுவும் தெரியவில்லையாம்.

டொக்டர் ஊசியால் பாதம் முழுக்கக் குத்திக் குத்திக் கேட்டார். இவர் இல்லை, இல்லை என்றே சொன்னார். கணுக்காலுக்கு மேலே வந்த பிறகுதான் ஆ என்றார். சீனி நரம்பைத் தின்றுவிட்டது என்று டொக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். என்னை ஏன் பார்க்க வேண்டும்?

8 டிசம்பர்

புண் ஆறவில்லை. ஓரம் கறுத்திருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து கட்டுகிறேன். காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார் டொக்டர், கடை முதலாளி லீவு கொடுக்கவில்லை. கட்டோடு நின்று சேலை விரித்துக் காட்டுகிறார். சோடா இப்போது ஒரு நாளைக்கு நாலு மட்டும்தானாம், அதைப் பெரிய தியாகம் மாதிரிச் சொல்கிறார்.

25 ஜனவரி 1998

விடியற்காலையில் வீடு ஆடியது. புத்தர் பல் வைத்திருக்கிற மாளிகைப் பக்கம் குண்டாம். கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறோம். ஸுலைஹா வேலியால் பாண் ரொட்டி தந்தாள்.

27 ஜனவரி

கடையிலிருந்து இவரையும் இன்னும் மூன்று தமிழ் ஆட்களையும் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அடையாள அட்டை இருக்கிறது, பொலிஸ் பதிவுத் துண்டு இருக்கிறது, பிறந்ததே பக்கத்து ஊர்க் கம்பளையில். எல்லாம் இருந்து என்ன? பெயர் சுந்தரலிங்கம்.

28 ஜனவரி

ஒரு பையில் மருந்துக் குளிசை, துணிக்கட்டு, நான்கு போத்தல் கிரீம் சோடா. ஆமாம், நானேதான் ஸுலைஹாவிடம் வாங்கினேன். இவர் தண்ணீர் தொட மாட்டார், அந்தத் தாகத்தோடு எத்தனை நாள் இருப்பார்?

பொலிஸ் வாசலில் நின்ற கொன்ஸ்டபிளுக்கு என் மகன் வயசு, எனக்கொரு மகன் இருந்திருந்தால். குளிசையை எடுத்துக்கொண்டான். கண்ணாடிப் போத்தல் உள்ளே விட முடியாது என்றான். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் பேசினேன். அந்த ஆள் தண்ணீர் குடிக்க மாட்டார் என்றேன். அவன் பக்கத்தில் இருந்தவனிடம் அதைச் சொன்னான், இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் குடிக்காத மனுஷன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

மூன்று மணி வரை மதிலோரம் நின்றேன். போத்தல்கள் வெயிலில் சுட்டுப்போயின. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

30 ஜனவரி

விட்டுவிட்டார்கள். ஓட்டோவிலிருந்து இறங்கும்போதே நாற்றம். காலில் கட்டில்லை, மூன்று நாளும் ஈரத் தரையில் நின்றிருக்கிறார். கணுக்கால் வரை கறுப்பு.

சோடா கொண்டு வரவா என்று கேட்டேன். வேண்டாமாம்.

"அங்க பக்கெட்டுல வச்சிருந்தாங்க. எல்லாரும் குடிச்சோம். நானும் குடிச்சேன். ஒண்ணும் ஆகல."

ஒன்றும் ஆகவில்லையாம். எவனோ கொண்டுவந்து வைத்த பக்கெட்டில், பத்துப் பேர் கை விட்டு மொண்ட தண்ணீரைக் குடிக்கலாம். பதினாலு வருஷமா நான் காய்ச்சி வடிச்சு ஆறவச்சு நீட்டினா அது மட்டும் விஷம்! அடுப்படிக்குப் போய் வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை, சுத்த ஆத்திரம்.

2 பெப்ரவரி

பெரியாஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையெழுத்து நான்தான் போட்டேன்.

11 பெப்ரவரி

பார்க்க வருகிற ஒவ்வொருவரும் நோயாளிக்கென்று ஒரு போத்தல் சோடாவோடு வருகிறார்கள். கட்டிலடியில் பதினொன்று. சொல்லிச் சொல்லி வாய் நோகிறது, இப்போது வாங்கி அப்படியே அடுத்த கட்டிலுக்குக் கொடுக்கிறேன்.

இன்றைக்குச் சொல்லிவிட்டேன். வார்டில் கொஞ்சம் ஆளரவம் குறைந்திருந்தது. தொட்டியில் விஷம் என்று யாரும் சொல்லவில்லை, நானாகச் சொன்னது, உங்க கால எடுத்தது நான்தான் என்றேன். அடிக்கிறதென்றால் அடிக்கட்டும் என்று பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன்.

"தெரியும் பரிமளம். அன்னிக்கே பக்கத்துல இருந்தவங்களக் கேட்டேன். யாரும் கேள்விப்படல."

பிறகு ஏன் என்று கேட்டேன். கால் இல்லாத இடத்தில் போர்வையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"டம்ளரப் பிடுங்குனப்ப உன் மொகம் இருந்த இருப்பு. தண்ணியப் பாத்தா அதுதான் வருது. உள்ள எறங்க மாட்டேங்குது. பொலிஸ்ல நீ இல்ல. எறங்கிருச்சு."

பஸ்ஸில் வரும்போது பேராதனையைத் தாண்டியும் இறங்காமல் இருந்துவிட்டேன். கம்பளை பஸ் அது, நான் ஏறியதே தப்பு. கண்டக்டர் எங்கே அம்மா போறீங்க என்று கேட்டான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன்.

6 மார்ச்

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஸுலைஹாவின் புருஷனும் முச்சக்கர வண்டிக்காரனும் தூக்கி வைத்தார்கள். முதலாளி வேறு ஆள் வைத்துவிட்டாராம்.

17 மே

டொக்டர் மயில்வாகனம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார். சீனி 132. நம்ப முடியாமல் இரண்டு தரம் பார்த்தாராம். "கெட்டிக்காரி, பிள்ளை" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மற்றக் கால் தப்பும் என்கிறார்.

இவர் இப்போது தண்ணீர் கேட்கிறார். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம். கிளாஸோடு போகிறேன். கட்டிலருகே நின்று முதலில் நான் ஒரு வாய் குடிக்கிறேன், விழுங்குவது தெரிகிற மாதிரி, முகத்தை ஒரு நிலையில் வைத்துக்கொண்டு. பிறகு நீட்டுகிறேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாங்கிக் குடிக்கிறார்.

அப்படிச் செய் என்று அவர் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.