பாம்பொரோவோ மலையின் சமதளம்

ஓக்னியான்,

தூங்குகிறாய், எழுப்ப மனமில்லை. பீன்ஸ் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு.

பனிச்சறுக்குக்குத் தனியாகத்தானே போகிறேன், எனக்குப் பிடித்த பான்ஸ்கோ மலைக்கே போகலாம். அங்கே வழி முழுக்க நல்ல இறக்கம், யார் தயவும் வேண்டாம். இருந்தும் நாம் போகலாம் என்று நீ கேட்ட பாம்பொரோவோவுக்கே பஸ் ஏறுகிறேன்.

மலையிலிருந்து சறுக்கி இறங்கும்போது பாதி வழியில் அந்தச் சமதளம் வரும், குச்சியில்லாமல் ஓட்டும் என் பனிப்பலகை நின்றுவிடும். கல்யாணமானதிலிருந்து அங்கே நீதான் உன் சறுக்குக் குச்சியை நீட்டி இழுத்துப் போவாய். நேற்று, "எத்தன வருஷம்தான் உன்ன இழுத்துக்கிட்டே திரியறது? நீயே நடந்து வாயேன்!" என்று கத்தினாய். சரி, இன்று நடக்கிறேன்.

ஸோர்னிட்சா

பி.கு.: உன் குச்சிகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் போகிறேன். மற்றது கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அடுத்த பஸ் பத்தரைக்கு.