அடுப்படியிலை நிக்காமல் ஒரு சரக்குக்கறி

ஷ்லீரன், சுவிஸ்
பங்குனி 22, ஞாயிறு

அன்பு மகன் பிருந்தாபனுக்கும் மருமகள் சிவானுஜாவுக்கும் அம்மா எழுதுறது. இஞ்சை நான் சுகமாய் இருக்கிறன், முழங்கால் நோவைத் தவிர சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லை. அங்கை நீங்கள் ரெண்டுபேரும், வயித்திலை இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கோணும் எண்டு முருகனிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் காலமை தேத்தண்ணி குடிக்கிறன். குளிர் குறைஞ்சிட்டுது எண்டு எல்லாரும் சொல்லினம். எனக்குப் பெரிசாய் வித்தியாசம் தெரியேல்லை, இன்னும் அந்தத் தடிச்ச ஜக்கெட்டைத்தான் போடுறன்.

கிழமைக்குக் கிழமை போனிலை கதைக்கிற அம்மா ஏன் இப்ப கடிதம் எழுதுறா எண்டு யோசிப்பாய். நீ தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை பத்தாம் வகுப்பு வரை படிச்சனி, ஆறுதலாய் வாசி, விளங்காட்டில் திருப்பி வாசி. போன ஞாயிறு நீ ஒக்லாந்திலை இருந்து எடுத்து, ரிக்கெற் போடத் திகதி சொல்லுங்கோ எண்டு கேட்டனி. மே மாதம் பிள்ளை பிறக்கப்போகுது, சிவானுஜாவுக்குத் தாயும் இல்லை, பத்தியம் பாத்துச் சமைச்சுக் குடுக்க உங்களை விட்டால் ஆர் எண்டு கேட்டனி. நான் முழங்காலைப் பற்றிக் கதைச்சன். அதுக்கு முதல் கிழமை பாஸ்போட்டைப் பற்றிக் கதைச்சன். கடைசியிலை நீ, அம்மா உங்களுக்கு வர விருப்பமில்லையெண்டால் சொல்லிப்போடுங்கோ, நான் கேக்கமாட்டன் எண்டு சொன்னனி. விருப்பமில்லாமல் இல்லை தம்பி. அதைத்தான் எழுத இருக்கிறன், ஆனால் முதல்லை இருந்து எழுதினால்தான் எனக்கு வரும்.

சட்டி எரிஞ்ச கதை உனக்குத் தெரியும், முழுக்கத் தெரியாது. ஐப்பசியிலை ஒருக்கால், கார்த்திகையிலை ஒருக்கால், பிறகு தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை. மூண்டாவது தரம் பக்கத்து வீட்டு ஃப்ராவ் ஸ்டூடர் படிக்கட்டிலை புகையைக் கண்டிட்டு ஃபொயர்வேருக்கு, நெருப்பணைக்கிற ஆக்களுக்கு, அடிச்சிட்டா. நாலு பேர் சப்பாத்தோடை உள்ளுக்கு வந்து அடுப்பை நிப்பாட்டினவை. நான் அப்பாவின்ரை கதிரையிலை இருந்தனான். புகையை நீங்கள் மணக்கேல்லையோ எண்டு ஒருத்தன் கேட்டான், நான் இல்லை எண்டன். மணந்ததுதான். எழும்பவேணும் எண்டு தோன்றேல்லை. பிறகு வீட்டு நிர்வாகத்திலை இருந்து கடிதம் வந்தது, ஃப்ராவ் ஸ்டூடர் எழுதிப் போட்டிருக்கிறா. அதை நான் படமெடுத்து அனுப்ப, நீ அங்கை இருந்தே டொக்டரோடை கதைச்சு எனக்கு ஞாபகமறதிச் சோதனைக்கு நாள் எடுத்தனி. அதுக்கு நான் கோவிக்கேல்லை. சுமித்ரா கூட வந்தவா. கன்ரீனிலை என்னோடை பதினாலு வருசம் ஒண்டாய் நிண்டவா, லீவு போட்டிட்டு வந்தவா. மணிக்கூடு கீறச் சொன்னவை, கீறினன். அஞ்சு சொல்லுச் சொல்லி, பிறகு திருப்பிக் கேட்டவை. அஞ்சையும் சொன்னன், இப்பவும் சொல்லுவன். ஞாபகத்திலை பிழையில்லை எண்டு அந்தப் பொம்பிளை டொக்டர் சொல்லிப்போட்டு, கவலையாய் இருக்கிறீங்களோ எண்டு கேட்டவா. தெரியேல்லை எண்டு சொன்னன். உண்மையிலை தெரியேல்லை. அவா அதை எழுதி வைச்சா.

வரேக்கை பஸ்ஸுக்கை சுமித்ராதான், அக்கா இனி அடுப்பே வேண்டாம், எங்கடை செஃப் வைச்சிருந்த அந்தத் தண்ணி மெசினை வேண்டுவம் எண்டு சொன்னவா. உனக்கு அதுக்குப் பேர் தெரியும், சூ வீட். இறைச்சியைப் பையிலை போட்டுக் காத்தை எடுத்துப்போட்டு, சொன்ன சூட்டிலை நிக்கிற தண்ணிக்குள்ளை மணித்தியாலக் கணக்காய் வைக்கிறது. தண்ணி கொதிக்காது, சட்டி அடிப்பிடிக்காது, பக்கத்திலை ஆளும் நிக்கத் தேவையில்லை. கன்ரீனிலை நான் கழுவித் துடைச்ச மெசின்தான், சமைச்சது செஃப். கடையிலை மூண்டு மாதிரி இருந்தது. ஒண்டு பெட்டி மாதிரி, தொட்டியோடை சேர்ந்தது, எங்கடை அடுப்படி மேசையிலை அதை வைச்சால் பாண் வெட்ட இடமிராது. ஒண்டு போனாலைதான் வேலை செய்யும், மெசினிலை ஒரு பட்டனும் இல்லை. விக்கிற பெடியன் அதைத்தான் திறம் எண்டு சொன்னான். போன் சார்ஜ் இல்லாட்டில் என்ன செய்யிறது எண்டு கேட்டன், அவன் சிரிச்சான். மற்றது தடி மாதிரி, பானையின்ரை விளிம்பிலை கொளுவுறது, ஆயிரம் வாட், மேலை சில்லைத் திருகினால் இலக்கம் பெரிசாய்த் தெரியும், கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம். தண்ணி குறைஞ்சால் கீச்சிட்டுப்போட்டுத் தானே நிண்டிடும். அதைத்தான் எடுத்தன். பானை எங்கடை பொங்கல் பானையே காணும். நீயும் எப்பவாவது வேண்டினால் தண்ணிக்கு மேலை கட்டாயம் மூடு, இல்லாட்டில் நீண்ட சமையலுக்குப் பாதித் தண்ணி ஆவியாய்ப் போயிடும்.

முதல் நாள் கோழியைக் கறித்தூள், வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய் எல்லாம் வழமை மாதிரிப் போட்டு அறுபத்தைஞ்சிலை ரெண்டு மணித்தியாலம் வைச்சன். கோழி பஞ்சு மாதிரி. வெங்காயம் வெட்டினபடியே நறுக் நறுக்கெண்டு கிடந்தது, உள்ளி பச்சை மணம். அந்தச் சூடு இறைச்சிக்குக் காணும், மரக்கறிக்குக் காணாது எண்டு பிறகுதான் விளங்கினது, கரட்டெண்டால் எண்பத்தைஞ்சு வேணும். நிறமும் இல்லை, வெளிறிப்போய் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி. வதக்கிப் பிரட்டினால் நிறம் வரும், அதுக்கு அடுப்பு வேணும். நான் அப்பிடியே சோத்தோடை சாப்பிட்டன். ருசி எண்டு ஒண்டும் எனக்கு அப்ப தெரியாததாலை பெரிய நட்டமில்லை. இப்ப சுமித்ரா சனிக்கிழமையிலை வீட்டை வெங்காயம் வதக்கி டப்பாவிலை கொண்டுவந்து தாறா. அடுப்புக்குக் கரண்ட் வாற ஃபியூசை, அந்தச் சிக்கரிங்கை, கட்டிடம் பாக்கிற ஹவுஸ்வார்டைக் கொண்டு கழட்டிப்போட்டன். மாசி இருவதாந் திகதியிலை இருந்து இந்த வீட்டிலை அடுப்பு இல்லை. நீ அதை நினைச்சு இனிப் பயப்பிடாதை.

ஃப்ராவ் ஸ்டூடர் ஒருநாள் பின்னேரம் பெல் அடிச்சவா. சுவருக்குள்ளாலை ஒரு இரைச்சல் கேக்குது, காலமை தொடக்கம் நிக்கேல்லை, என்ன அது எண்டு கேட்டா. நான் கதவைத் திறந்து விட்டன், வந்து பாத்தா. ஆட்டுத் தொடை எழுபத்தைஞ்சிலை, அப்ப எட்டு மணித்தியாலம் ஆயிருந்தது, இன்னும் பன்ரண்டு கிடந்தது. குனிஞ்சு பானையைப் பாத்துக்கொண்டு கனநேரம் நிண்டா. இது எரியாதோ எண்டு கேட்டா. எரியாது எண்டன். தான் கடிதம் எழுதினது என்னை வீட்டாலை எழுப்புறதுக்கில்லை, தனக்கு எழுபத்தெட்டு வயசு, நெருப்புப் பிடிச்சால் மூண்டு மாடி இறங்கத் தன்னாலை ஏலாது, அதுதான் எழுதினது எண்டு சொன்னா. எனக்கு அது நியாயமாய்ப் பட்டது. அடுத்த நாள் ஒரு பையைக் கோப்பையிலை ஊத்திக் குடுத்தன். கோப்பையைக் கழுவி, அப்பிள் அவிச்சு மசிச்சதைப் போட்டுத் திருப்பித் தந்தா. இறைச்சி நல்லாய் இருக்கு, பல்லில்லாதவனும் சாப்பிடலாம், ஆனால் உறைப்பு மிருகத்துக்குக்கூடக் குடுக்கேலாது எண்டு சொன்னா. இப்ப அவவுக்கு வேறையாய் உறைப்பில்லாத பை ஒண்டு போடுறன். சனிக்கிழமை மத்தியானம் வாறா. பெரிசாய் ஒண்டும் கதைக்கிறேல்லை. அது எனக்கு வசதியாய் இருக்கு.

இனி நான் எழுதவேண்டினதை எழுதுறன். அப்பா நித்திரையிலை போயிட்டார் எண்டுதான் உனக்குச் சொன்னனான், செத்தவீட்டுக்கு வந்த எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னனான். அது உண்மையில்லை. அண்டைக்கு ஞாயிறு, பதினொண்டரை இருக்கும். அவர் கதிரையிலை இருந்து செய்தி பாத்துக்கொண்டிருந்தவர். நான் கத்தரிக்காய்க்கு வெங்காயம் பொரிச்சுக்கொண்டு நிண்டனான், புகை இழுக்கிற மெசினும் போட்டிருந்தனான். ஜெயா எண்டு கூப்பிட்டார். கத்தேல்லை, சாதாரணமாய், ரிமோட் எங்கை எண்டு கேக்கிற மாதிரித்தான் இருந்தது. வெங்காயம் கருகப்போகுது, வாறன் எண்டு சொன்னன். அவர் பிறகு கூப்பிடேல்லை. நான் பொரிச்சு முடிச்சு, எண்ணெய் வடியவிட்டு, கையைத் துடைச்சுக்கொண்டு போனன். நாலு நிமிசமோ அஞ்சு நிமிசமோ. கண்ணாடியைக் கழட்டிக் கையிலை வைச்சிருந்தார். முகத்தைப் பாத்ததும் விளங்கிட்டுது. அம்புலன்ஸோடை வந்த டொக்டரிட்டை, நான் உடனை வந்திருந்தால் எண்டு கேட்டன். ஒண்டும் வித்தியாசமாய் இருந்திராது எண்டு பேப்பரிலை எழுதிக்கொண்டே சொன்னார். அவர் உண்மையாய்ச் சொன்னாரோ, எனக்காகச் சொன்னாரோ தெரியேல்லை. நான் அழேல்லை, நீயும் பாத்தனி. இண்டுவரைக்கும் வரேல்லை.

அதுக்குப் பிறகு அடுப்பிலை எண்ணெய் சுட்டால் எனக்கு நிக்கேலாது. அறைக்குள்ளை ஆரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும், கூப்பிடேல்லை எண்டும் தெரியும், எண்டாலும் போய்ப் பாக்கோணும். போனால் கதிரையிலை இருந்திடுவன். இருந்தால் எழும்பேலாது. அப்பிடித்தான் மூண்டு சட்டியும் எரிஞ்சது, மறந்து இல்லை. அடுப்பிலை சட்டி இருக்கெண்டு ஒவ்வொரு தரமும் எனக்கு நல்லாய்த் தெரியும். டொக்டரிட்டையும் சுமித்ராவிட்டையும் மறதி எண்டு சொல்லுறது சுகமாய் இருந்தது, அதாலை சொல்லிக்கொண்டு வந்தன். இந்த மெசின் எண்டால் நான் போகலாம், போய் இருக்கலாம், திரும்பி வரேக்கை கறி வைச்சபடி இருக்கும்.

நீ பத்தியச் சமையல் எண்டு சொன்ன ஒவ்வொரு தரமும் எனக்கு உங்கடை வீட்டு அடுப்புத்தான் கண்ணுக்கு முன்னாலை வந்தது. உள்ளை சிவானுஜா பச்சை உடம்போடை, பிள்ளை பக்கத்திலை, அடுப்பிலை சட்டி. எப்பிடி வாறன் எண்டு சொல்லுறது. அதாலை சரக்குக்கறியை இதுக்குள்ளை செய்து பாத்தன். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாத்தையும் அரைச்சுக் கோழிக் காலோடை சேத்து முதல்லை எழுபதிலை வைச்சன், சரக்குப் பச்சையாய் நிண்டது, பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கேலாது. ரெண்டாந்தரம் தொண்ணூறிலை வைக்க அந்த மெல்லிசுப் பை வாய் விட்டு, பானைத் தண்ணி முழுக்க மஞ்சளாய்ப் போச்சு, மெசினைக் கழுவ ஒரு பின்னேரம் போனது. மூண்டாந்தரம் தடிச்ச பை வேண்டி, சுமித்ராவின்ரை மெசினாலை காத்தெடுத்து ஒட்டி, தொண்ணூறிலை ரெண்டரை மணித்தியாலம். போன வியாழன் அது சரி வந்தது. இறைச்சி எலும்பை விட்டுக் கழண்டது, பச்சை மணம் இல்லை. மிளகு தொண்டையிலை எரிஞ்சது, எனக்கு அது தெரிஞ்சது. ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டன்.

அதாலை நான் வாறன். ஏப்ரல் கடைசியிலை ரிக்கெற் போடு, மூண்டு மாதத்துக்கு. அங்கையே இருந்திடுங்கோ எண்டு நீ கேட்டதுக்கு இப்ப என்னட்டை மறுமொழி இல்லை, கேக்காதை. தடியைச் சுவெற்றருக்குள்ளை சுத்திக் கொண்டு வாறன், கரண்ட் ஒண்டுதானாம், பிளக்குக்கு மட்டும் ஒண்டு வேண்டி வை. பெரிய பானை ஒண்டும் வேணும். சரக்கை இஞ்சையே திரிச்சுக் கொண்டு வாறன், எயார்ப்போட்டிலை காட்டச் சொன்னால் காட்டுறன். அது வரைக்கும் சிவானுஜாவுக்கு அரை அவியல் முட்டை, பச்சைப்பாதி மீன் ஒண்டும் குடுக்காதை, ரெஸ்ரோரண்டிலை உந்த மெசினிலை குறைஞ்ச சூட்டிலை செய்யிற சாமானெல்லாம் அவவுக்கு இப்ப கூடாது. உங்கடை அடுப்பிலை நான் ஒண்டும் வைக்கமாட்டன். தேத்தண்ணிக்குக் கேத்தில் காணும். நீங்கள் ரெண்டுபேரும் வேலையாய் நிக்கேக்கை அடுப்பைப் பாருங்கோ அம்மா எண்டு சொல்லிப்போட்டுப் போகக்கூடாது, நீ சின்ன வயசிலை இருந்தே அப்பிடிச் சொல்லிப் பழகினனி.

இதை முதல்லை நீ தனிய வாசி, பிறகு சிவானுஜாவிட்டைக் குடு, அவவுக்கும் தெரிஞ்சிருக்கோணும். வாசிச்ச உடனை போன் எடுக்காதை. எடுத்தால் நான் முழங்காலைப் பற்றித்தான் கதைப்பன். ஞாயிறு வழமையான நேரத்துக்கு எடு, ரிக்கெற் திகதியைச் சொல்லு, அது காணும். அப்பாவைப் பற்றி ஏதும் கேக்கோணும் எண்டால் எழுதிக் கேள், நானும் எழுதிச் சொல்லுறன். நீ கோவிச்சாலும் பரவாயில்லை, அதையும் எழுது.

ரெண்டுபேரும் நோய்நொடி இல்லாமல், பிள்ளை சுகமாய்ப் பிறந்து, நீண்ட ஆயுளோடை இருக்கோணும். கார் பிரேக்கைப் பாக்கக் குடுக்கிறன் எண்டு சொன்னனி, மே மாதத்துக்கு முதல் குடு. ஒண்டு மட்டும் ஞாபகம் வைச்சிரு. அங்கை வந்து நிக்கேக்கை நீயோ சிவானுஜாவோ அறைக்குள்ளை இருந்து என்னைக் கூப்பிட்டால், நான் கையிலை இருக்கிறதை நிண்ட இடத்திலையே போட்டிட்டு வருவன். சோத்துக் கோப்பையாய் இருந்தாலும், தண்ணிப் பைப் திறந்தபடி இருந்தாலும் வருவன். சும்மாதான் கூப்பிட்டம் எண்டால் அதுவும் சரி. என்னை ஏசாமல், போய்ப் பைப்பைப் பூட்டிவிடுங்கோ.

உன்ரை அம்மா,
நி. ஜெயகௌரி