மேடவாக்கத்தைச் சொல்லாதே

அக்டோபர் 7, திங்கள்
தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இவருக்கு நுரையீரலைச் சுற்றிச் சீழாம். விலாவில் குழாய் போட்டிருக்கிறார்கள். போன வாரம் பேதிக்காக மேடவாக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் படுத்திருந்தார். பேதி நின்றது, இருமல் தொற்றிக்கொண்டது. அதை இங்கே சொல்லவில்லை. என் தம்பி தயாளன்தான், "சொன்னா, அங்கயே இட்டுகினு போன்னு தொரத்திடுவாங்க, அக்கா. வாயத் தொறக்காத" என்றான். எதிர்வீட்டு எல்லம்மாவை அப்படித்தானே விரட்டினார்கள்.

அக்டோபர் 8, செவ்வாய்
டாக்டர் பெயர் ஜெரூஷா. சின்னப் பெண், சிரிப்பே கிடையாது. வயசு என்ன, ஒழுங்காகச் சாப்பிடுவாரா என்று கேட்டு மார்க் போடுகிறாள். எதற்கு மார்க்?
"உயிருக்கு எவ்ளோ ஆபத்துன்னு ஒரு கணக்கும்மா."
மார்க் மோசமானால் கைகழுவி விடுவார்களோ? போகிற போக்கில், "தண்ணியா இல்லாம சீழா இருக்கறது இந்தக் கணக்குல நல்லது" என்கிறாள். சீழ் நல்லதாம்! யார் காதில் பூ சுற்றுகிறாள்?

அக்டோபர் 9, புதன்
திரும்பவும் அதே கேள்வி. "வேற எங்கயாவது அட்மிட் ஆயிருந்தாரா?" இல்லவே இல்லை என்றேன். இவர் இடது கையைப் பார்த்தாள். இங்கே ஊசி ஏற்றியது வலது கையில். இடது கையில் மேடவாக்கத்து டிரிப்ஸ் போட்ட இடம் இன்னும் நீலம். போர்வையை இழுத்து மூடினேன். வேவு பார்க்கிறாள் — ஏன்?

அக்டோபர் 10, வியாழன்
ஜுரம் இறங்கவில்லை. என்ன மருந்து கொடுக்கிறார்களோ.

அக்டோபர் 11, வெள்ளி
இவர் என்னை "அம்மா" என்று கூப்பிட்டார். பேச்சு குளறுகிறது. டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தாள்.
"குழாய் நல்லா வடியுது. மருந்துதான் கேக்கல. வீட்ல வர்ற கிருமி வேற, ஆஸ்பத்திரில ஒட்டிக்கற கிருமி வேற. அதுக்கு மருந்தே வேறம்மா. நான் உங்கள எங்கயும் அனுப்ப மாட்டேன். சொல்லுங்க."
ஐயோ, பாவி நான்! இத்தனை நாளும் அவளைச் சந்தேகப்பட்டுக்கினு — இவர் உயிரோடு விளையாடினது நான்தானே?
எல்லாம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. மார்க்கைத் திருத்தினாள். "ஆபத்து கொஞ்சம் கூடத்தான். ஆனா இப்பதான் சரியான மருந்து குடுக்க முடியும்."
தயாளனைப் போனில் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்
கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை போட்டார். அப்பாடா.

நவம்பர் 18, திங்கள்
செக்கப்புக்குப் போனோம். ஜெரூஷா டாக்டர் லீவில் இருக்கிறாராம். வேறொரு டாக்டர் உட்கார்ந்திருந்தார்.
"முன்னாடி எங்கயாவது அட்மிட் ஆயிருந்தீங்களா, சார்?"
"இல்லபா, எங்கயும் இல்ல" என்றார் இவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.
"பொய் சொல்றாரு, டாக்டர். மேடவாக்கத்துல. எழுதிக்கோங்க" என்றேன்.