காரமில்லாத குழம்பு

பாவா,

போன மாதம் உங்கள் மகன் சோற்றுத் தட்டை ஒதுக்கிவிட்டு, "இன்னா சித்தி, குழம்ப வாயில வச்சாலே எரியுது" என்றான். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். நீங்களும் இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு நம் தெருவிலிருந்து மலையேறும் முதல் காவடி உங்களுடையது. இரு கன்னங்களையும் துளைத்து நிற்கும் வெள்ளி வேலோடு நீங்கள் படியேறும்போது எங்களுக்கெல்லாம் பெருமை பிடிபடாது. அலகைப் பிடுங்கியதும் அந்த இடத்தில் திருநீற்றை அழுத்துவார்கள். எல்லோருக்கும் ஆறிவிடும். ஒரு வருஷம் உங்கள் இடது கன்னத்தின் உள்பக்கம் மட்டும் ஆறவில்லை.

"முருகன் குத்தின எடம், அவனே ஆத்துவான்" என்றீர்கள். வலிக்கிறதா என்று கேட்டால், "வலியே இல்ல. அதான் அவன் கருணை" என்று சிரிப்பு வேறு. தறியில் உட்கார்ந்தால் அதே கன்னத்தில்தான் புகையிலையை அடக்கிக்கொள்வீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அக்கா கெஞ்சியபோது, "ஆடி முடியட்டும்" என்றீர்கள். விரதத்தில் ஏதோ குறை என்று தெருவே சொன்னது. அக்கா அதைத் தன் குறையாக எடுத்துக்கொண்டு ஒரு வேளைச் சோற்றை விட்டாள். காரம் எரிகிறது என்றீர்கள், மிளகாயைக் குறைத்தாள். தறிக்கு நூல் சுற்ற உங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த நானும் அந்தச் சப்பென்ற குழம்பைத்தான் சாப்பிட்டேன். அக்காவுக்குச் சமையல் மறந்துபோயிற்று என்று கேலி செய்தேன். அடுத்த ஆடியில் அலகு குத்த வந்தவர் வாயைத் திறக்கச் சொன்னார். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட உங்களால் திறக்க முடியவில்லை.

"அலகுப் புண்ணு வலிக்கும், ஆறிடும். இது வலிக்கவும் இல்ல, ஆறவும் இல்ல. அப்பவே வந்திருக்கணும்மா" என்றார் மெட்ராஸ் டாக்டர். புற்றுநோய் என்ற சொல்லை அக்கா அன்றுதான் முதலில் கேட்டாள். தை பிறப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

எனக்கு முருகன்மேல் கோபம் இல்லை, பாவா. உங்கள்மேல்தான். காவடி எடுத்தது அவனுக்காக. புகையிலையை அடக்கியதும் அவனுக்காகவா?

இப்போதெல்லாம் ஆடி முடிந்ததும் காவடி எடுத்த வீடுகளுக்கு டார்ச் லைட்டோடு போகிறேன். "வாய நல்லா தொறங்க. புண்ணு ஆறிச்சா? வெள்ளையா, செவப்பா ஏதாச்சும் கீதா?" தெருவில் எனக்கு வாய் பார்க்கிறவள் என்றே பெயர். திட்டுகிறவர்கள் திட்டட்டும், பார்க்காமல் விடுவதில்லை.

குழம்பு எரியுது என்று சொன்ன அன்றே உங்கள் மகன் வாயிலும் டார்ச் அடித்தேன். அதே கன்னத்தில் வெள்ளைத் திட்டு. அவன் சட்டைப் பையிலிருந்த புகையிலையை அக்கா அடுப்பில் போட்டாள்.

"ஆடி முடியட்டும் சித்தி" என்றான்.

"உங்க நைனாவும் இதத்தான்டா சொல்லிக்கினு இருந்தாரு. கெளம்பு."

மறுநாளே மெட்ராஸுக்கு ரயிலேற்றினேன். டாக்டர் அந்தத் திட்டில் துளி சதை எடுத்துச் சோதித்தார். இன்னும் புற்றாகவில்லை, புகையிலையைத் தொடவே கூடாது, விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார். வெளியே வந்து அந்த ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நாளை ஆடிக் கிருத்திகை. அலகில்லாமல் காவடி எடுக்கிறான். அவன் புகையிலையை விட்டதிலிருந்து வீட்டில் மிளகாய் குறைத்த குழம்புதான். இன்று மத்தியானம் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாம்மா, குழம்புல காரமே இல்ல?"

அக்கா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் எழுந்துபோய் மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்து வந்தேன்.